மூன்றாவது உறை

பலோம்பே
14 மார்ச் 1999

அன்புத் தம்பி மெட்சனுக்கு,

நீயும் ஃபலெஸும் காலையில் நன்றாக எழுந்திருந்தால் நாங்களும் இங்கே நன்றாக எழுந்திருக்கிறோம். மழை இந்த ஆண்டு ஏமாற்றவில்லை. மக்காச்சோளம் என் தலைக்கு மேல் நிற்கிறது. என் உயரம் உனக்குத் தெரியும், அதனால் பெரிய விளைச்சல் என்று நினைத்துவிடாதே. ஃபலெஸின் முழங்கால் எப்படி இருக்கிறது?

முதலில் வீட்டுச் செய்தி. மாப்பிள்ளை யாமிகானியின் தாய்மாமன் சோம்பாவிலிருந்து வந்து போனார். "அறுவடை முடிஞ்சதும் நிச்சயத்த வெச்சுக்கலாமா? ஆகஸ்ட் 28 சனிக்கிழமை" என்றார். "என் தம்பியக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?" என்றேன். "அதுக்குத்தான் கேக்கறேன். அவர் சரின்னு சொன்னாத்தான் நான் சேவல் தேடணும்" என்று சிரித்தார். அவர் சேவலோடு நிற்க, எதிரே நீ பெட்டைக் கோழியோடு நின்று மாற்றிக்கொள்ள வேண்டும். நீ இல்லாமல் என் மகள் அலினாஃபேக்கு நிச்சயம் எங்கே? தேதி சரிதானா என்று உடனே எழுது.

இரண்டாவது, சங்கத்துச் செய்தி. நம் சேவைச் சங்கத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். தலைவர் நமாலோம்பே, மாவு மில் வைத்திருக்கிறாரே, அவர்தான் ஆரம்பித்தார். "டீச்சர் முப்பத்தொரு வருஷம் சாக்பீஸக்கூட எண்ணி வெச்சவங்க. பெட்டிய அவங்ககிட்டக் குடுங்க, நாம நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். பெட்டி காலியாக இருந்தவரை எனக்கும் தூக்கம் வந்தது. இப்போது ஸ்காட்லாந்துச் சங்கத்திலிருந்து மானியம் வந்திருக்கிறது. நம்பாஸி பள்ளிக்கு இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். அங்கே எழுநூறு பிள்ளைகள் ஓடைத் தண்ணீர் குடிக்கிறார்கள். இரண்டு மழைக்காலமாகக் காலரா.

பணத்தோடு விதிகளும் வந்தன. தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, உறையிட்ட மூன்று விலைப்புள்ளிகள், சங்கத்தாரின் உறவினர் யாருக்காவது இதில் பிழைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனிக் கணக்கு எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் சொன்னேன், "பக்கத்து வீட்டுக்காரி கோழிய நம்மகிட்ட விட்டுட்டு ஊருக்குப் போறா. நம்ம கோழிங்களோடயே மேயட்டும், ஆனா கால்ல ஒரு நூல் கட்டி வைக்கணும்ல?" புரிந்துகொண்டார்கள்.

நீ தண்ணீர் இலாகாவில் பதினெட்டு வருடமாக இருப்பவன். நல்ல துளைப்புக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
எனெலெஸி

*

லிலோங்வே
2 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன், பழக்கம் விடவில்லை. நாங்கள் நலம். என் மனைவியின் முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழை வரும் என்று சொல்கிறது, வானொலியைவிடத் தேவலை.

28 எனக்குச் சரி. பெட்டைக் கோழிக்கு இப்போதிருந்தே தீனி போட்டு வை. நம் குடும்பத்து எட்னாவின் நிச்சயத்தில் நம் பக்கத்திலிருந்து கொடுத்தது கோழியா, இறகுத் துடைப்பமா என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றும் கேட்கிறார்களாம்.

துளைப்பு விஷயம். மழை நின்ற உடனே போட்டால் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், அக்டோபரில் வற்றிவிடும். ஆழமாகப் போகச் சொல். துளை இடியாமல் தாங்கும் கேஸிங் பைப் கடைசிவரை இறக்கியிருக்கிறார்களா என்று எண்ணிப் பார். முடிந்ததும் ஆறு மணி நேரம் விடாமல் இறைத்துக் காட்டச் சொல். கிராமத் தலைவர் தன் வீட்டு வாசலில் போடச் சொல்லிக் கோழி அடித்துப் போடுவார்; சாப்பிட்டுவிட்டுப் பள்ளியிலேயே போடு.

விலை எவ்வளவு சொல்கிறார்கள்? பெயர் எதுவும் வேண்டாம், தொகையை மட்டும் எழுது. நியாயமா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் எல்லாம் வழக்கம்போல. அலினாஃபேக்கு என் அன்பு.

உன் தம்பி
மெட்சன்

*

பலோம்பே
20 ஏப்ரல் 1999

அன்புத் தம்பி,

எல்லோரும் சுகமாக எழுந்தீர்களா? இங்கே எனக்கு லேசான சளி, மற்றபடி குறையில்லை. கோழிக்குத் தீனி போடுகிறேன். அது என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறது.

விலைப்புள்ளிகளுக்குக் கெடு வைத்திருந்தோம். அன்றைக்கு இரண்டே உறைகள் வந்திருந்தன. ஆவல் தாங்காமல் பிரித்துவிட்டோம். பிறகுதான் சிஸ்டர் மலுங்கா விதியை எடுத்துப் படித்தாள், மூன்று இல்லாமல் முடிவு செய்யக் கூடாதாம். அவள் மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதையும் படிக்காமல் விழுங்க மாட்டாள். ஆகவே கெடுவை மே 15 வரை நீட்டி, வந்த தொகைகளை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று தீர்மானமும் எழுதினோம். எழுதியது நான்தான்.

ஆனால் நீ வெளியா என்ன? இந்த வீட்டில் அம்மா காலத்திலிருந்து தாய்மாமன் காதுக்குப் போகாமல் ஒரு ஆடுகூட விற்றதில்லை. ஒன்று ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் குவாச்சா. மற்றது நான்கு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். இரண்டு கிணற்றுக்கும் சேர்த்து, அடிபம்போடு. நியாயமா?

குறைந்த விலை சொன்னவர் கச்சிங்வே என்பவர். பிளாண்டையரிலிருந்து பஸ்ஸில் வந்து உறையைக் கையோடு கொடுத்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூவெல்லாம் சேறு. "டீச்சர், உண்மையச் சொல்லுங்க, குறைஞ்ச விலைக்குத்தான் குடுப்பீங்களா, இல்ல உள்ளுக்குள்ள ஆள் யாராச்சும் இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பஸ் காசாவது மிஞ்சும்" என்றார். "எங்ககிட்ட அப்படி ஆளு யாரும் இல்ல. குறைஞ்ச விலை, நல்ல வேலை, அவ்வளவுதான்" என்றேன். ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத் திருப்தியோடு போனார்.

நீ வரும்போது எத்தனை பேர் என்று எழுது. பாய்கள் இரவல் வாங்க வேண்டும்.

அன்புடன்
எனெலெஸி

*

லிலோங்வே
12 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டதா? நாங்கள் சௌக்கியம். நேரமில்லை, அதனால் நான்கு வரி.

இத்துடன் வரும் பார்சலில் அலினாஃபேக்கு பன்னிரண்டு கெஜம் சிதென்ஜே துணி இருக்கிறது. நீல நிறம் ஃபலெஸ் தேர்ந்தெடுத்தது. நிச்சயத்தன்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதையே இடுப்பில் கட்டட்டும். நாங்கள் ஆறு பேர் வருவோம்.

தண்ணீர் விஷயம் நல்லபடியாக முடியும், கவலைப்படாதே.

மெட்சன்

*

பலோம்பே
30 மே 1999

அன்புத் தம்பி,

துணி வந்தது. அலினாஃபே அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள். நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளியை வெளியே எடுத்தீர்களா?

மூன்றாவது உறை கெடுவுக்கு முந்தின நாள் தபாலில் வந்தது. உங்கள் ஊர்தான், குலிம்பா துளைப்பு நிறுவனம். மேலாளர் சிம்வாலா என்று கையெழுத்து. நான்கு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. கச்சிங்வேயைவிட ஏழாயிரத்து ஐந்நூறு குறைவு. நமாலோம்பே பார்த்துவிட்டு, "என்ன டீச்சர் இது, நம்ம ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுப் போட்ட மாதிரி இருக்கே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

குறைந்த விலைக்குத்தான் என்று சொல்லியிருந்ததால் குலிம்பாவுக்கே கொடுத்தோம். கச்சிங்வேக்கு நானே வருத்தம் தெரிவித்து எழுதினேன். பாதித் தொகை முன்பணமாகப் போயிற்று. என் கையெழுத்து, நமாலோம்பேயின் கையெழுத்து. சங்கத்தார் யாருக்கும் அந்த நிறுவனத்தோடு உறவில்லை என்ற படிவத்திலும் ஒன்பது பேரும் கையெழுத்திட்டு ஸ்காட்லாந்துக்கு அனுப்பினோம்.

இந்த குலிம்பாவை உனக்குத் தெரியுமா? நல்லவர்களா? தெரிந்ததை எழுது.

அக்கா

*

பலோம்பே
11 ஜூலை 1999

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? இங்கே மலைச் சாரல் நான்கு நாளாக நிற்கவில்லை. நனைந்த துணி நனைந்தபடியே இருக்கிறது. நாங்கள் சுகம்.

போன வாரம் துளை போடும் லாரி வந்தது. முதல் கிணறு நாற்பத்தாறு மீட்டரில் தண்ணீர். நீ சொன்னபடி பைப்பை நானே எண்ணினேன், குறைவில்லை. ஆறு மணி நேரம் இறைத்தார்கள். பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடி வந்து நனைந்தார்கள். தலைமையாசிரியர் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்து அவரும் நனைந்தார். நல்ல வேலை. அதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மேஸ்திரி லெவிசன் நல்ல மனிதர். தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

"முதலாளியம்மா வரேன்னுதான் இருந்தாங்க டீச்சர். முட்டி வலி. லிலோங்வேயிலருந்து இவ்ளோ தூரம் மடக்கி உக்கார முடியல."

"யாரு உங்க முதலாளியம்மா?"

"ஃபலெஸ் அம்மா. அவங்க வீட்டுக்காரர்தான் வேலை புடிச்சுக் குடுப்பாரு. தண்ணி இலாகாவுல இருந்தவராச்சே."

"இருந்தவரா?"

"போன நவம்பர்ல ஆள் குறைச்சாங்கல்ல? நாப்பது பேர வீட்டுக்கு அனுப்பினாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவரா டீச்சர்?"

நான் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

நீதான் சொல்ல வேண்டும். நீளமாக எழுத வேண்டாம். ஆம் அல்லது இல்லை.

எனெலெஸி

*

லிலோங்வே
22 ஜூலை 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

ஆம். போதுமா? போதாது என்று தெரியும், அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நவம்பரில் வேலை போயிற்று. உன்னிடம் சொல்லவில்லை. பெண்ணின் நிச்சயப் பேச்சு நடக்கும்போது அவளுடைய தாய்மாமன் வேலையில்லாதவன் என்று சோம்பாவுக்குத் தெரிய வேண்டுமா? ஃபலெஸ் தன் அம்மா வீட்டு நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கி, பழைய லாரி ஒன்றை வாங்கினாள். அந்த நிறுவனம் அவள் பேரில், அவள் தாய் வீட்டுச் சொத்து. நம் வழக்கம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மனைவியின் பொருள் அவள் குடும்பத்துக்கு. நான் அந்த வீட்டில் விருந்தாளி. நாளைக்கு அவள் போனால் ஒரு ஸ்பானர்கூட எனக்கு வராது, உன் பிள்ளைகளுக்கும் வராது. அப்படியிருக்க அது எப்படி உன் உறவினரின் பிழைப்பு? நீ போட்ட கையெழுத்து பொய்யில்லை அக்கா.

விலை குறைவு. தண்ணீர் வந்தது. பைப்பை நீயே எண்ணியிருக்கிறாய். நஷ்டப்பட்டது யார்? ஒருவரைக் காட்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்காட்லாந்துக்கு எதுவும் எழுதாதே. ஊர்ச் சங்கத்திலும் வாயைத் திறக்காதே. பெண்ணின் மாமன் ஏமாற்றுக்காரன் என்று ஊர் பேசிய பிறகு எந்த முகத்தோடு நான் கோழியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எதிரே நிற்பேன்? 28ஆம் தேதிக்கு ஆறு வாரம்கூட இல்லை. அலினாஃபேயை நினைத்துக்கொள்.

மெட்சன்

*

பலோம்பே
3 ஆகஸ்ட் 1999

அன்புத் தம்பி,

நீ நன்றாக எழுந்திருந்தால் நான் எழுந்தேன் என்று எழுதுவது வழக்கம். இந்த ஒரு வாரம் நான் படுக்கவே இல்லை, அதனால் எழுந்தேனா என்று தெரியவில்லை. வேலை போனதை என்னிடம் சொல்லியிருக்கலாம். அதுதான் முதலில் வலித்தது.

என் மகன் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடம், அவன் உட்கார்ந்த கூடத்துக்கு என்னைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். நான் இன்ஸ்பெக்டரிடம் போய் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டேன். பன்னிரண்டு மைல் சைக்கிள். அவன் காப்பியடிப்பான் என்பதற்காக இல்லை. அவன் தேறினால் அது அவனுடைய தேர்ச்சியாக இருக்க வேண்டும். அம்மா கூடத்தில் இருந்தாள் என்று ஒருவன் சொன்னாலும் அந்தத் தேர்ச்சி செத்துவிடும். குலிம்பாவின் விலை நியாயமானதாகவே இருந்திருக்கலாம். இனி அதை யாரும் நம்ப முடியாது. நானே நம்ப முடியவில்லை.

ஃபலெஸின் சொத்து அவள் தாய் வீட்டுக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படிவம் சொத்து யாருக்குப் போகும் என்று கேட்கவில்லை. யார் தட்டில் சாப்பாடு விழுகிறது என்று கேட்கிறது.

நஷ்டப்பட்டது யார் என்று கேட்டாய். அவருக்குப் பெயர் கச்சிங்வே. சேற்றில் நடந்து வந்து, ஆள் யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அவர் விலையை எடுத்து உனக்கு எழுதினேன். நீ செய்தது பாதி. மற்ற பாதி என் கையெழுத்தில் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நமாலோம்பே தலையில் கை வைத்துக்கொண்டார். "டீச்சர், தண்ணி வந்துடுச்சு, பிள்ளைங்க குடிக்குது. இப்பப் போய் கிணத்த மூடச் சொல்றீங்களா?"

"கிணறு அங்கயே இருக்கட்டும்" என்றாள் சிஸ்டர் மலுங்கா. "அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்கு ஸ்காட்லாந்துக்காரங்ககிட்டதானே பணம் கேக்கப் போறோம்? அதுக்குள்ள அவங்க வேற யார் மூலமாவது தெரிஞ்சுக்கிட்டா?"

"யாரு போய்ச் சொல்லப் போறா?"

"நான்" என்றேன்.

"இதுக்குத்தான் வாத்தியாருங்கள சங்கத்துல சேக்கக் கூடாதுங்கறது!" என்று மளிகைக் கடைக்காரர் கத்தினார். கை தூக்கிப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம் என்று ஐந்து, வேண்டாம் என்று நான்கு. அன்றே பொருளாளர் பொறுப்பை விட்டேன். ஸ்காட்லாந்துக்குக் கடிதம் மறுநாள் தபாலில் போயிற்று. என் பேரை முதலில் எழுதினேன், உன் பேரை இரண்டாவதாக.

அலினாஃபேயிடமும் சொன்னேன். அவள் நீலத் துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "மாமா வருவாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

வா, தம்பி. கோழி தயாராக இருக்கிறது.

அக்கா

*

லிலோங்வே
14 ஆகஸ்ட் 1999

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் வரவில்லை. வேறு மாமனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்சன்

*

பலோம்பே
19 செப்டம்பர் 1999

அன்புத் தம்பிக்கு,

நீயும் ஃபலெஸும் சுகமா? பதில் எழுதாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் கடிதம் ஆரம்பிக்க முடியாது. வெயில் ஏறிவிட்டது. வயலைக் கொத்த ஆரம்பித்திருக்கிறோம்.

நிச்சயம் நடந்தது. அம்மாவின் சித்தி மகன் பிக்ஸனைக் கூப்பிட்டு நிற்கவைத்தோம். அவன் பயத்தில் கோழியை இறுக்கிப் பிடிக்க, அது கொத்தி, அவன் கத்தி, அது கூட்டத்துக்குள் ஓடி, கடைசியில் யாமிகானியே துரத்திப் பிடித்தான். "பொண்ணு கெடைக்கறதுக்கு முன்னாடி கோழியத் தொரத்தணும்னு யாருமே சொல்லலையே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீல சிதென்ஜே கட்டியிருந்த பெண்கள் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சோம்பாக்காரர் கேட்டார். "பொண்ணோட சொந்தத் தாய்மாமன் எங்க?"

உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லி நம் பக்கத்தில் எல்லோரும் கண் காட்டினார்கள். நான் எழுந்து, "எங்க ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபம். சங்கத்து வேலையில நாங்க ரெண்டு பேரும் ஒரு தப்புப் பண்ணினோம். நான் அதச் சொல்லிட்டேன், அவன் கோவிச்சுக்கிட்டான். என் பாதிய நான் இப்பச் சொல்றேன். அவன் பாதிய அவன்தான் சொல்லணும்" என்றேன். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கோழியை வாங்கி, சேவலைக் கொடுத்தார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, "கல்யாணத்துக்கு அவரே வரணும். மாத்து ஆளுகிட்ட நான் ரெண்டாவது தரம் கை குடுக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஸ்காட்லாந்திலிருந்து பதில் வந்தது. முதல் கிணற்றுக்குப் போன பணம் அதோடு சரி, குலிம்பாவோடு ஒப்பந்தம் முடிந்தது. இரண்டாவது கிணற்றைக் கச்சிங்வே தன் பழைய விலைக்கே போட்டுக் கொடுத்தார். மூவாயிரத்து எழுநூற்றைம்பது குவாச்சா கூடுதல், அதை என் பென்ஷனிலிருந்து போட்டேன். நம் சங்கத்துக்கு ஒரு வருடம் புதிய மானியம் கிடையாது. எழுதியதற்கு நன்றி என்றும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் விதி விதிதான். ஆகவே ஆஸ்பத்திரிக் கழிப்பறை இந்த முறை இல்லை. சிஸ்டர் மலுங்கா என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள், நிற்பதில்லை. அவளும் சொல்லத்தான் கை தூக்கினாள், ஆனால் தினமும் அந்த வார்டுக்குப் போகிறவள் அவள்.

கச்சிங்வேயிடம் எல்லாம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு, "அன்னிக்கே கேட்டேனே டீச்சர்" என்றார்.

கல்யாணம் டிசம்பர் 18.

அக்கா

*

லிலோங்வே
9 அக்டோபர் 1999

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஃபலெஸ் வணங்கி எழுதுவது. உங்கள் சுகத்தையும் அலினாஃபேயின் சுகத்தையும் விசாரிக்கிறேன். என் முழங்காலுக்கு ஒன்றும் புதிதில்லை.

உங்கள் கடிதங்களை இப்போதுதான் படித்தேன். அவர் காட்டவில்லை, நானே அலமாரியிலிருந்து எடுத்தேன். மே மாதம் நான் கணக்குப் போட்டபோது ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. "நாலு எண்பத்தெட்டு அரைன்னு எழுது, எனக்கு மார்க்கெட் தெரியும்" என்றார். "கட்டுப்படி ஆகாதே" என்றேன். "முதல் வேலை, பேர் கெடைக்கும், எழுது" என்றார். எழுதினேன். மேலாளர் சிம்வாலா கையெழுத்துப் போட்டார். அந்தத் தொகைக்குக் கட்டுப்படி ஆக வேண்டுமென்றால் பைப்பில்தான் கை வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. அந்தக் கிணற்றில் எங்களுக்கு நஷ்டம். கடன்காரர் வாரம் தவறாமல் வருகிறார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. எங்களைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் நான் போட்ட கணக்கை மாற்றச் சொன்னது ஏன் என்று எனக்கு யாரும் சொல்லாததைவிட அது சிறிய கோபம்.

அவரிடம் பேசினேன். "எங்க அக்கா பேச்சு ஒனக்கு எதுக்கு?" என்றார். "ஒங்க அக்கா பேச்ச வெச்சுத்தானே என் கம்பெனிக்கு வெலை போட்டீங்க?" என்றேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. அவர் பஸ் நிலையத்தில் விதைக் கடையில் கணக்கெழுதுகிறார்.

நான் எழுதியது அவருக்குத் தெரியும். தபால் தலை அவர்தான் வாங்கி வந்தார்.

தங்கள்
ஃபலெஸ்

*

லிலோங்வே
28 நவம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நன்றாக எழுந்திருந்தால் நாங்களும் எழுந்திருக்கிறோம். இங்கே முதல் மழை விழுந்துவிட்டது. கடையில் விதைக்கு வரிசை நிற்கிறது. காலையிலிருந்து இரவு வரை மூட்டை, ரசீது, மூட்டை. அங்கே விதைத்தாயிற்றா?

சோம்பாக்காரர் சொன்னதை நான்கு முறை படித்தேன். டிசம்பர் 17 காலைப் பேருந்தில் நானும் ஃபலெஸும் வருகிறோம். இரண்டே பேர். முன் இருக்கைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அவள் காலை நீட்ட வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அவர் பக்கத்தாரும் உட்காரும்போது என்னைப் பற்றிக் கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. நானே சொல்கிறேன். சுருக்கமாகத்தான் சொல்வேன். வேலை போனது, மறைத்தேன். அக்கா எழுதிய தொகையைப் பார்த்து விலை போட்டேன், அதையும் மறைத்தேன். அக்கா சொன்னாள், என் மருமகளின் நிச்சயத்துக்கு வராமல் இருந்துவிட்டேன். இந்த மூன்றில் மூன்றாவதுதான் எனக்கு வாயில் வர மறுக்கிறது. கடையில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்க்கிறேன். கேட்டுவிட்டு அவர் கை கொடுக்க மாட்டேன் என்றால் அதையும் நின்று கேட்டுக்கொள்கிறேன். அப்போது பிக்ஸனை நிற்கவை. ஆனால் நான் அந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று அலினாஃபேயிடம் சொல்.

உன் பென்ஷன் பணம் மூவாயிரத்து எழுநூற்றைம்பதையும் கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

பேருந்து பிளாண்டையரில் ஒரு மணி நேரம் நிற்குமாம். கச்சிங்வேயின் பட்டறை நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான் என்று லெவிசன் சொன்னான். ஃபலெஸைத் தேநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போய் வருகிறேன். அவரிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருக்கிறது.

உன் தம்பி
மெட்சன்